பூட்டில் கெடாத பை: மினிகிரிப் முதல் ஜிப்லாக் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஜிப் பௌச் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் பார்ப்பது பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைத்தான். வாங்க வருபவர் சாம்பிளைக் கையில் எடுத்து இரண்டு முறை அழுத்துவார், இழுத்துப் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்பார், அடுத்த கேள்வி விலை. பூட்டு முக்கியம்தான். ஆனால் பை கெட்டுப்போவது பூட்டில் அபூர்வம். ஜிப், பை செய்யும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான ஃபிலிமோடு சேரும் இடத்தில் கெடும், ஜிப் போய் முடிகிற மூலையில் கெடும், எல்லாம் சரியாக அமைந்த பிறகும் திறக்க வருகிறவர் கையில் கெடும். இதைச் சொல்ல, இந்தப் பொருள் வளர்ந்த கதையையே கேஸாக எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவில் ஃப்ளெக்ஸிகிரிப், மினிகிரிப், அப்புறம் டவ் கெமிக்கல் கடைக்குக் கொண்டுவந்த ஜிப்லாக். இன்றைக்குப் பௌச் போடுகிறவர்கள் படுகிற பல தொல்லைகள் அந்தக் கதையின் முதல் 20 ஆண்டுகளுக்குள்ளேயே தலைகாட்டிவிட்டன.

தொடக்கம் டென்மார்க்கில். போர்கே மேட்ஸன் என்பவர் பிளாஸ்டிக்கில் ஒரு ஜிப்பை வடிவமைத்தார். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அவரிடம் தனியாக ஒரு திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. 1951இல் அதன் உரிமையை ஆஸ்னிட் குடும்பம் வாங்கியது. ருமேனியாவில் கம்யூனிச ஆட்சி வந்தபின் அங்கிருந்து வெளியேறி அமெரிக்கா வந்தவர்கள். தந்தை மேக்ஸ், அவருடைய சகோதரர் எட்கர், மகன் ஸ்டீவன். ஸ்டீவன் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஃப்ளெக்ஸிகிரிப் என்று கம்பெனி தொடங்கினார்கள். அன்றைய ஜிப்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடர் இருந்தது, அதை இழுத்தால் இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பென்சில் பை, காகிதங்கள் வைக்கிற தட்டையான பை மாதிரியான பொருள்களுக்கு அது போதும். ஒருமுறை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கிற பைக்கு ஸ்லைடருக்கான செலவைத் தாங்கும் விலை உண்டு. சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப்போடுகிற பைக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் ஸ்டீவன் ஸ்லைடரையே எடுத்துவிட்டு, விரலால் அழுத்தி மூடுகிற ஜிப்பை உருவாக்கினார். நாம் இன்று ஜிப்லாக் கவர் என்று சொல்வது அடிப்படையில் அதுதான்.

அந்தச் சின்ன வடிவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. ஒரு ஜிப்பைக் குறுக்கே பிளேடால் மெல்லிசாக நறுக்கி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அம்பு முனை மாதிரி ஒரு தலை, இதை ஆண் பக்கம் என்பார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு வளைந்த கைகள், நடுவே பள்ளம், இது பெண் பக்கம். அழுத்தும்போது அந்த இரண்டு கைகளும் ஒரு கணம் விலகி, தலை உள்ளே போனதும் பழையபடி திரும்பி அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலித்தீனுக்கு வளைந்து திரும்புகிற குணம் இருப்பதால்தான் இது நடக்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் அம்பு முனையின் இரண்டு தோள்களும் பல ஜிப்களில் ஒரே அளவில் இருக்காது. பொருள் இருக்கிற பக்கத் தோள் நீளமாக, கூர்மையாக இருக்கும். விரல் வருகிற பக்கத் தோள் குட்டையாக, மழுங்கலாக இருக்கும். பையின் வாயைப் பிடித்துப் பிரிக்கும்போது சுலபமாகத் திறக்க வேண்டும், ஆனால் பை கீழே விழுந்து உள்ளே இருக்கிற பொருளும் காற்றும் முட்டும்போது திறக்கக் கூடாது. ஒரே பூட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதமான பலம். அதனால் திறக்கும் விசையை அளக்கும்போது வெளிப்பக்கம், உட்பக்கம் இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும். ஸ்பெக் தாளில் ஒரே ஒரு எண்ணைப் போட்டு அனுப்புகிற சப்ளையரிடம் அது எந்தப் பக்கத்து எண் என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, பூட்டு கிடைத்துவிட்டது. அதைப் பையில் எப்படி ஒட்டுவது?

ஃப்ளெக்ஸிகிரிப் செய்தது, ஜிப் பட்டையைத் தனியாக எக்ஸ்ட்ரூட் செய்து, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுத் துளை வழியே தள்ளி, பிறகு சூடான அச்சால் அழுத்திப் பையில் ஒட்டுவது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஜிப் பட்டை தடிமன், ஃபிலிம் மெல்லிசு, இரண்டும் பெரும்பாலும் பாலித்தீன்தான். தடித்த பட்டை உருகுகிற அளவுக்குச் சூடு கொடுத்தால் மெல்லிய ஃபிலிம் நைந்து இழுபடும். ஃபிலிமுக்குப் பார்த்துச் சூட்டைக் குறைத்தால் பட்டை மேலுக்கு ஒட்டின மாதிரி இருந்து, பிடித்து இழுத்தால் பிரிந்து வரும். நடுவில் இருக்கிற இடைவெளி மிகக் குறுகல். இதில் சூடு கொஞ்சம் உள்ளே ஏறி அந்த வளைந்த கைகளைத் தொட்டுவிட்டால் பூட்டின் வடிவமே போய்விடும். இதற்கு மேல், பட்டைக்கு ஒரு உற்பத்தி, ஃபிலிமுக்கு ஒரு உற்பத்தி, இரண்டையும் சேர்க்க மூன்றாவது வேலை, மூன்றிலும் தனித்தனிக் கழிவு. மலிவான பைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

1962இல் ஆஸ்னிட்டுக்கு ஜப்பானிலிருந்து ஒரு செய்தி கிடைத்தது. செய்சான் நிஹோன் ஷா என்ற கம்பெனி ஜிப்பையும் பையையும் ஒன்றாகவே உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தது. இதன் பின்னால் இருந்தவர் காகுஜி நைட்டோ. உற்பத்திச் செலவு பாதியாகக் குறையும் என்பது கணக்கு. ஆஸ்னிட் குடும்பம் அந்த உரிமையை வாங்கி, மினிகிரிப் என்று இரண்டாவது கம்பெனியைத் தொடங்கியது.

இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண பாலித்தீன் கவர் ஃபிலிம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உருகிய பாலித்தீன் டை என்கிற வட்டமான அச்சின் மெல்லிய இடுக்கு வழியாகக் குழாய் போல மேலே ஏறும், உள்ளே காற்றடைத்துக் குமிழியாக்குவார்கள், குளிர்ந்ததும் மேலே ரோலர்களுக்கு நடுவில் தட்டையாக்கிச் சுற்றுவார்கள். நைட்டோவின் வழியில், அந்த வட்ட டையின் உதட்டிலேயே ஓரிடத்தில் ஆண் வடிவத்துக்கும் இன்னோரிடத்தில் பெண் வடிவத்துக்கும் வெட்டு இருக்கும். குழாய் வரும்போதே அதன் மீது ஜிப்பின் இரண்டு பாதிகளும் கூடவே வளர்ந்து வரும். ஒட்டுவது என்கிற வேலையே கிடையாது, ஏனென்றால் ஃபிலிமும் ஜிப்பும் ஒரே உருகலில் பிறந்தவை. ஒட்டு இல்லாத இடத்தில் ஒட்டு விடாது. சேரும் இடத்தின் பிரச்சினைக்குப் பசையிலோ சூட்டிலோ தீர்வு தேடாமல் அந்தச் சேரும் இடத்தையே இல்லாமல் செய்தது, டிசைன் என்கிற வேலையில் நான் மிகவும் மதிக்கிற தீர்வு.

ஆனால் தொல்லை வேறு இடத்துக்குப் போனது. ஃபிலிம் மெல்லிசு, சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஜிப் தடிமன், மெதுவாகக் குளிரும். குளிரும்போது பாலித்தீன் சுருங்கும். ஃபிலிம் குளிர்ந்து நின்றபின் ஜிப் மட்டும் தாமதமாகச் சுருங்கினால் அதை ஒட்டிய ஃபிலிம் அலையலையாக நெளியும், ஜிப்பின் கைகளும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஜிப் வருகிற இடத்துக்கு மட்டும் தனியாகக் குளிர்காற்றுக் குழல் வைத்துக் குறிபார்த்து அடிக்க வேண்டும். டையிலிருந்து வெளியே வரும் வடிவமும் குளிர்ந்தபின் இருக்கும் வடிவமும் ஒன்றாக இருக்காது என்பதால், டையில் வெட்டுகிற வடிவத்தை முன்கூட்டியே மாற்றி வெட்ட வேண்டும். அம்பு முனை வேண்டுமென்றால் டையில் இருப்பது அப்படியே அம்பு முனையாக இருக்காது. இந்தத் திருத்தம் கணக்கில் பாதி, டை வெட்டுபவரின் கைப்பழக்கத்தில் பாதி. பாலித்தீன் தரத்தை மாற்றினால் மறுபடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். விலை குறைவு என்று வேறு கிரேடு வாங்கிப் போட்டுவிட்டு, நேற்று வரை நன்றாக இருந்த ஜிப் இன்று ஏன் தளர்கிறது என்று மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

இப்போது கைக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் ஸ்டீவன் ஆஸ்னிட், கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் துணைத் தலைவரிடம் எல்பி இசைத்தட்டுகளுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போடலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தார். கடைசிக் கூட்டம். எல்லாம் முடிவான நேரத்தில் அந்த அதிகாரி தன் உதவியாளரை உள்ளே அழைத்து, மூடியிருந்த உறையைக் கையில் கொடுத்து, இதைத் திற என்றார். அந்தப் பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜிப்பைப் பையிலிருந்து அப்படியே கிழித்து எடுத்துவிட்டார். ஆர்டர் போயிற்று. அவர் பார்க்கப் பார்க்கத் தனக்கு நெஞ்சு இறங்கிக்கொண்டே போனதாக ஆஸ்னிட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை, அந்தக் காலத்து மக்களுக்கு ஜிப் பழக்கமில்லை, அதனால் தெரியவில்லை என்று பலரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெண் செய்தது மிகச் சரியான காரியம். கையில் கொடுத்தது வாய் மூடிய ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும் என்று எந்தக் குறிப்பும் இல்லை. மூடிய உறையைக் கிழித்துத் திறப்பது அதுவரை எல்லோரும் செய்துவந்த வழி. பூட்டு ஒழுங்காக இருந்தது, திறக்கும் வழியைத்தான் யாரும் வடிவமைக்கவில்லை. ஒரு உதடு மற்றதைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தால் விரல் தானாக அங்கே போயிருக்கும். இன்றைய பைகளில் வாயின் ஒரு பக்கம் சற்றே உயரமாக இருப்பதும், பிடிக்கிற இடத்தில் வரிவரியாகச் சொரசொரப்பு இருப்பதும் இதற்காகத்தான்.

இதற்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். டவ் கெமிக்கல் மினிகிரிப்பிடம் மளிகைக் கடை விற்பனைக்கான தனி உரிமையைப் பெற்றது. பாலித்தீன் தயாரிக்கிற கம்பெனி, வீட்டுச் சமையலறையில் உணவைச் சுற்றி வைக்கிற சரன் ராப் என்ற பிளாஸ்டிக் தாள் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, கடை அலமாரியில் இடமும் இருந்தது. 1968இல் ஜிப்லாக் என்ற பெயரில் சோதனை விற்பனை தொடங்கியது. எடுத்த எடுப்பில் ஓடவில்லை. 1970களின் தொடக்கத்தில்தான் அமெரிக்க வீடுகளில் அது நிலைத்தது. 1998இல் ஜிப்லாக் எஸ்.சி. ஜான்சன் கைக்கு மாறியது. மினிகிரிப் பின்னாளில் இல்லினாய்ஸ் டூல் வொர்க்ஸ் குழுமத்துக்குள் போயிற்று.

பை பரவியபின் இன்னொரு சிக்கல் வெளியே வந்தது: மூடிவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. விரலால் ஒரு இழு இழுத்துவிட்டு மூடிவிட்டோம் என்று நம்புவோம், நடுவில் ஒரு சிறு நீளம் மாட்டாமல் இருக்கும், குழம்பு ஒழுகிய பிறகுதான் தெரியும். இதற்குப் போட்டிக் கம்பெனியான கிளாட் கண்ட வழி எளிமையானது. ஒரு பக்க ஜிப் மஞ்சள், மறுபக்கம் நீலம், இரண்டும் ஒட்டினால் பச்சை. பச்சையாகாத இடம் மூடாத இடம். படிக்கவே வேண்டாம், பார்த்தால் போதும். இன்னொரு வழி சத்தம்: ஜிப்பின் நீளத்தில் சிறு சிறு இடைவெளி விட்டு வடிவத்தை லேசாக நசுக்கி வைத்தால், விரல் ஓடும்போது டிக் டிக்கென்று கேட்கும், தொடுவுணர்விலும் தெரியும். கண் பார்வை குறைந்தவர்களுக்கும் இது உதவும் என்பதால் எனக்கு இரண்டாவது வழி மீது கூடுதல் மதிப்பு.

1993இல் மோபில் நிறுவனம் ஹெஃப்டி ஒன்ஜிப் என்று ஸ்லைடர் வைத்த பையைக் கடைக்குக் கொண்டுவந்தது. 40 ஆண்டுகளுக்கு முன் செலவு என்று எடுத்தெறிந்த அதே ஸ்லைடர், இப்போது மலிவாகச் செய்ய முடிந்ததால் திரும்பி வந்தது. வயதானவர்களுக்கும் விரலில் பலம் குறைந்தவர்களுக்கும் உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் ஸ்லைடருக்குள் ஜிப்பைப் பிரிப்பதற்கு ஒரு நாக்கு இருக்கிறது. அது ஜிப்பின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்லைடரை இழுத்துக் கடைசி வரை மூடிய பிறகும் அந்த நாக்கு நிற்கிற இடம் மூடாது, அங்கேதான் கசியும். அதைச் சமாளிக்க ஜிப்பின் முடிவில் ஒரு வெட்டு வைத்து, நாக்கு ஜிப்பை விட்டு வெளியே போய் நிற்கிற மாதிரி இடம் ஒதுக்குவார்கள். ஸ்லைடர் பை வாங்கும்போது முழுவதும் மூடி, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, அந்த ஒரு மூலையை மட்டும் பாருங்கள்.

மூலை என்றதும் இன்றைய ஸ்டாண்டப் பௌச்சுக்கு, அதாவது அலமாரியில் தானே நிமிர்ந்து நிற்கிற பைக்கு வந்துவிடலாம். மசாலா, முந்திரி, காபித்தூள் எல்லாம் இப்போது இதில்தான் வருகிறது. இங்கே ஜிப் ஃபிலிமோடு சேர்ந்து பிறப்பதில்லை. அச்சடித்து லேமினேட் செய்த, அதாவது பல அடுக்குகளை ஒட்டிச் சேர்த்த ஃபிலிம் ஒரு ரோல், ஜிப் சுற்றிய தனி ஸ்பூல், பௌச் மெஷினில் ஒட்ட வேண்டும். அதாவது ஃப்ளெக்ஸிகிரிப்பின் பழைய முறைக்கே திரும்பிவிட்டோம். அச்சும் தடுப்புத் திறனும் வேண்டுமென்றால் வேறு வழியில்லை, ஏனென்றால் வெறும் பாலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும், ஆக்ஸிஜனைத் தடுக்காது.

ஜிப் ஸ்பூலிலிருந்து வரும்போது இழுவை கொஞ்சம் கூடினாலும் ஜிப் நீண்ட நிலையிலேயே ஒட்டிவிடும், பௌச்சாக வெட்டியதும் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும், பௌச்சின் வாய் சுருக்கம் விழுந்து வளைந்துவிடும். இது ஆபரேட்டர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், அதனால் பிழைத்தோம். கண்ணுக்குத் தெரியாதது மூலை. பௌச்சின் பக்கவாட்டு சீல் ஜிப்பைக் குறுக்கே கடக்கிற இடத்தில், இரண்டு அடுக்கு ஃபிலிமோடு தடித்த ஜிப்பின் இரண்டு பாதிகளும் சேர்ந்து இருக்கும். சூடாக அழுத்தி ஒட்டுகிற சீலிங் பார் சமமாக அழுத்தும்போது ஜிப் தடுத்து நிற்பதால் அதை ஒட்டிய ஃபிலிமுக்கு அழுத்தம் போய்ச் சேராது. மேடுக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு துவாரம் தங்கிவிடும். அதனால் பக்க சீலுக்கு முன்பே அந்தப் புள்ளியில் மட்டும் ஜிப்பை உருக்கித் தட்டையாக்க வேண்டும், சூடான அச்சாலோ அல்ட்ராசோனிக் என்கிற மிகை ஒலி அதிர்வாலோ. குறைவாக நசுக்கினால் துவாரம் மிஞ்சும், அதிகமாக நசுக்கினால் உருகிய பாலித்தீன் ஜிப்பின் பள்ளத்துக்குள் ஓடி, ஓரத்தில் ஜிப் மாட்டாது. வண்ணத் திரவத்தை மூலையில் விட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் துவாரம் இருந்தால் நிறம் உள்ளே ஏறியிருக்கும். வெறும் கையால் அழுத்திப் பார்க்கிற சோதனையில் இது அகப்படாது.

அடுத்து, மேல் ஓரத்தைக் கிழித்துத் திறப்பதற்கான கீறல். கடையில் வாங்கிய பாக்கெட்டை ஆவலாகக் கிழிக்கிறோம், கிழிசல் சாய்வாக ஓடி ஜிப்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது, ஜிப் ஒரு பக்கம் தொங்குகிறது. கொலம்பியா அலுவலகத்தில் நடந்ததுதான், தினமும் சமையலறைகளில் நடக்கிறது. பழி கிழித்தவர் மேல் போடப்படுகிறது. உண்மையில் ஃபிலிமை மிச்சம் பிடிக்கக் கீறலை ஜிப்புக்கு மிகக் கிட்டே கொண்டுவந்தவர்தான் இதற்குப் பொறுப்பு. கிழிசல் நேராக ஓடினாலும், ஜிப்புக்கு மேலே விரல் பிடிக்க ஃபிலிம் மிஞ்சவில்லையென்றால் மறுமுறை திறக்க நகத்தால் நோண்ட வேண்டியிருக்கும். மேலே விடுகிற அந்தக் கொஞ்சம் ஃபிலிம் வீண் என்று பர்ச்சேஸ் ஆட்கள் சொல்வார்கள். விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொடிப் பொருளுக்கு இன்னொரு வாதை. மிளகாய்த்தூளைச் சாய்த்துக் கொட்டும்போது தூள் ஜிப்பின் பள்ளத்தில் போய் உட்காரும், அதன் மேல் அழுத்தினால் தலை முழுதாக உள்ளே போகாது. ஆலையில் நிரப்பும்போது இந்தச் சிக்கலைத் தவிர்க்க, மேலே ஜிப்பையும் சீலையும் முடித்துவிட்டு அடிப்பக்கத்தைத் திறந்து வைத்து அங்கே நிரப்பி மூடலாம். வீட்டில் திறந்த பிறகு அது செல்லாது. அதற்கென்று ஒரே பள்ளத்துக்குப் பதில் பல சிறு கொக்கிகள் உள்ள ஜிப்கள் வருகின்றன. தூள் சில கொக்கிகளில் அடைத்தாலும் மற்றவை பிடிக்கும். விலை கூடுதல். மசாலா விற்கிறவர் அதைப் பற்றியாவது விசாரிக்க வேண்டும். கூடவே ஒன்று: ஜிப் என்பது திறந்த பிறகு உதவுவது. அதுவரை காக்கிறது மேலே இருக்கிற ஹீட் சீல். ஜிப் இருக்கிறதே என்று மேல் சீலை ஏனோதானோவென்று போட்டுக் கடைக்கு அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது எல்லோரும் மறுசுழற்சிக்காக முழுவதும் பாலித்தீனாலேயே ஆன பௌச்சுக்கு மாறப் பார்க்கிறார்கள். வேண்டிய மாற்றம்தான். ஆனால் வழக்கமான லேமினேட்டில் வெளியே பெட் (PET) என்கிற பாலியஸ்டர் பிளாஸ்டிக், உள்ளே பாலித்தீன். பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், உள்ளே இருக்கிற பாலித்தீன் 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதனால் பாரைத் தாராளமாகச் சூடாக்கலாம், வெளிப்பக்கம் பாரில் ஒட்டாது, சூடு உள்ளே போய் ஜிப்பைப் பிடித்துக்கொள்ளும். வெளியேயும் பாலித்தீன் என்றால் அது 130 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். 1950களில் ஆஸ்னிட் பட்ட அதே குறுகிய இடைவெளி மறுபடி வந்து நிற்கிறது. வழிகள் இருக்கின்றன: ஜிப்பின் அடிப்பட்டையையும் ஃபிலிமின் உள்ளடுக்கையும் இன்னும் குறைந்த சூட்டில் ஒட்டுகிற ரகத்தில் செய்யலாம், பாரின் சூட்டைக் குறைத்து அழுத்தி வைக்கிற நேரத்தைக் கூட்டலாம், மூலைக்கு அல்ட்ராசோனிக் போடலாம். ஒரு நன்மையும் உண்டு, நீளவாக்கில் இழுத்து வலுவாக்கிய பாலித்தீன் ஃபிலிம் அந்தத் திசையில் நேராகக் கிழியும், ஜிப்பும் பௌச் மெஷினில் பெரும்பாலும் அதே திசையில்தான் ஓடுகிறது, எனவே கிழிசல் ஜிப்பை நோக்கி இறங்குவது குறையும். ஆனால் அழுத்தும் நேரம் கூடினால் மெஷின் வேகம் குறையும். அந்த வேகக் குறைவுக்கான காசு யார் கணக்கில் என்பதை சாம்பிள் ஓகே ஆன பிறகு பேசினால் சண்டைதான் வரும், ஆர்டர் எடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.